பதினான்கு கிலோ பெட்டியும் ஒரு ரோபோவும்: பன்னிரண்டு பேருக்கு மாற்றாக வந்த இயந்திரத்தின் கணக்கு

இந்த ஆய்வில் வரும் சலவைத்தூள் ஆலையில் நான் பராமரிப்புப் பொறியாளராக இருந்தேன். பெட்டிகளை அடுக்க ரோபோ வாங்கலாம் என்று கையெழுத்திட்டவர்களில் நானும் ஒருவன். எனவே கீழே குறை சொல்லும் இடங்களில் எனக்கும் பங்கு உண்டு. ஆலைக்கோ ஆட்களுக்கோ இயந்திரத்தை நிறுவித் தந்தவர்களுக்கோ பெயர் தரவில்லை. செலவுகளைப் பணமாக எழுதாமல், ரோபோக் கையின் விலையை 1 என்று வைத்து அதன் மடங்குகளாகத் தருகிறேன். எந்த ஆலையில் இருப்பவரும் தம் கணக்கோடு ஒப்பிட அதுவே வசதி.

பின்னணி

சலவைத்தூள் பொட்டலங்கள் அட்டைப்பெட்டிகளில் அடைபட்டு, கன்வேயரில் வரிசையின் கடைசிக்கு வரும். ஒரு பெட்டி 14 கிலோ. நிமிடத்துக்குப் பத்துப் பெட்டிகள். ஷிப்டுக்கு நான்கு பேர், மூன்று ஷிப்டுக்குப் பன்னிரண்டு பேர், அவற்றை எடுத்துப் பேலட்டில், அதாவது ஃபோர்க்லிஃப்ட் தூக்கிச் செல்லும் சரக்குத் தட்டில், அடுக்கினார்கள். ஏழு மணி நேர உழைப்பை நான்கால் வகுத்தால், ஒருவர் ஒரு ஷிப்டில் தூக்கியது 14 டன்னுக்கு மேல்.

14 கிலோ என்பது பெரிய சுமையாகத் தெரியாது. அமெரிக்கத் தொழில் சுகாதார நிறுவனமான நியோஷ் 1991இல் திருத்திய தூக்குச் சூத்திரம் 23 கிலோவை மேல்வரம்பாக வைக்கிறது. ஆனால் அது எல்லாம் சாதகமாக இருக்கும் நிலைக்கான எண். இடுப்பைத் திருப்பினால் குறையும், தரை மட்டத்தில் குனிந்து வைத்தால் குறையும், நிமிடத்துக்குப் பலமுறை தூக்கினால் வேகமாகக் குறையும். எங்கள் ஆட்கள் இந்த மூன்றையும் நாள் முழுதும் செய்தார்கள். முதுகுவலி விடுப்பு எப்போதும் இருந்தது. ரோபோவுக்கான முதல் நியாயம் அதுதான், இன்றும் அதை மறுக்க மாட்டேன். கூட்டத்துக்குக் கூட்டம் அந்த நியாயம் பின்னுக்குப் போய், சம்பளச் சேமிப்பு முன்னுக்கு வந்தது.

கணக்குத் தாள்

கை 1. கையின் முனையில் பெட்டியைப் பிடிக்கும் பிடிப்பான், கன்வேயர் மாற்றம், பாதுகாப்பு வேலி, கட்டுப்பாட்டுப் பெட்டி, நிரல், நிறுவும் கூலி எல்லாம் சேர்ந்து 2. ஆக மொத்தம் 3. புதிதாக ரோபோ வாங்குபவர்கள் பெரும்பாலும் முதலில் அதிர்வது இங்கேதான்: விலைப்பட்டியலில் கண்ட கை மொத்தச் செலவில் மூன்றில் ஒரு பங்கு மட்டுமே. நாங்கள் அதிரவில்லை. தயாராகவே வந்தோம், அந்தத் தெம்பில் மற்றதைப் பார்க்கத் தவறினோம்.

வரவுப் பக்கத்தில் ஒரே வரி. பன்னிரண்டு பேரில் ஒன்பது பேர் தேவையில்லை, ஷிப்டுக்கு ஒரு கண்காணிப்பாளர் போதும். ஒன்பது பேரின் ஓராண்டுச் செலவு 1.5. மூன்றை ஒன்றரையால் வகுத்தால் இரண்டு. போட்ட பணம் இரண்டு ஆண்டில் திரும்பிவிடும். தாளில் அதற்கு மேல் யாரும் எதுவும் எழுதவில்லை. 'பேலட் அடுக்குபவர்' என்ற பதவிக்கு எதிரே 'அடுக்குதல்' என்று இருந்தது. அவர்கள் வேறு என்ன செய்கிறார்கள் என்று அவர்களிடமே கேட்க எங்களுக்குத் தோன்றவில்லை.

ஒன்பது பேரில் நான்கு பேர் வேறு பிரிவுக்கு மாற்றப்பட்டார்கள். ஐந்து பேரின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. அந்த ஐவரில் பதினொரு ஆண்டுகள் அதே இடத்தில் நின்ற ஒரு பெண்மணியும் இருந்தார்.

முதல் மூன்று மாதங்களில் கண்டவை

ரோபோ தன் வேலையைச் செய்தது. மேலிருந்து உறிஞ்சு கிண்ணங்களால் பெட்டியைக் கவ்வி, அளந்து வைத்தாற்போல் பேலட்டில் இறக்கியது. பார்க்க அழகாகவே இருந்தது. பிரச்சினை பெட்டிகளில் இருந்தது. சலவைத்தூள் ஆலையில் எதன் மீதும் தூசு படியும். தூசு படிந்த அட்டையில் கிண்ணம் ஒட்டாது, காற்று கசியும். ஈரமான நாட்களில் அட்டை தளர்ந்து மேல்மடிப்பு பிரியும். மடிப்பை மட்டும் தூக்கிக்கொண்டு ரோபோ போக, பெட்டி கீழேயே கிடந்ததை ஒருமுறை நின்று பார்த்தேன்.

ஒவ்வொரு நிறுத்தமும் சிறியதுதான், மூன்று நான்கு நிமிடம். ஆனால் வரிசையின் கடைசியில் மூன்று நிமிடம் என்பது முன்னால் வேறு கணக்காகிவிடும். மனிதர்கள் அடுக்கிய காலத்தில் பேலட் வரத் தாமதமானால் பெட்டிகளைத் தரையில் ஓரமாக அடுக்கி வைப்பார்கள், பேலட் வந்ததும் ஏற்றுவார்கள். வரிசை நிற்காது. அந்தத் தரை ஓரம் எங்கள் வரைபடத்தில் எங்கும் குறிக்கப்படவில்லை, ஆனால் முழு வரிசைக்கும் அதுதான் மூச்சுவிடும் இடம். ரோபோவின் வேலி அதே இடத்தில் எழுந்தது. இப்போது ரோபோ இரண்டு நிமிடம் நின்றால் கன்வேயர் நிரம்பும், நிரம்பினால் நிரப்பும் இயந்திரம் நிற்கும், அது மறுபடி ஓடத் தொடங்கும்போது முதல் சில பொட்டலங்களின் எடை பிசகும். கழிவு கூடியது ஏன் என்று நிரப்பும் பிரிவில் ஒரு மாதம் தேடினார்கள். காரணம் வரிசையின் மறுகோடியில் இருந்தது.

பிறகு வாடிக்கையாளர் புகார்கள் வந்தன. பெட்டிக்குள் ஒரு பொட்டலம் குறைவு. தனிப் பொட்டலத்தின் எடையைச் சரிபார்க்கும் கருவி முன்பே இருந்தது, மூடிய பெட்டியை யாரும் நிறுப்பதில்லை. அப்படியானால் முன்பு ஏன் புகார் வரவில்லை? வேறு பிரிவுக்கு மாற்றப்பட்ட ஒருவரிடம் கேட்டேன். "கையில் வாங்கும்போதே தெரிந்துவிடும் சார், குறைந்தால் தள்ளி வைத்துவிடுவோம்" என்றார். எத்தனை நாளாக என்றேன். சிரித்தார்.

அப்போதுதான் மற்றவையும் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. உடைந்த பேலட்டை ஓரம் தள்ளுவது, லேபிள் வெளியே தெரியும்படி பெட்டியைத் திருப்பி வைப்பது, பசை சரியாக ஒட்டாதபோது முன்னால் நிற்பவருக்குக் குரல் கொடுப்பது எல்லாம் அடுக்குபவர்களே செய்து வந்தவை. ரோபோ உடைந்த பேலட்டின் மீதும் அதே கவனத்தோடு அடுக்கியது. ஒரு பிற்பகலில் அடுக்கு முழுதும் வேலிக்குள் சரிந்தது. தூளை அள்ளிச் சுத்தம் செய்து வரிசையை ஓட்ட இரண்டு மணி நேரம் ஆயிற்று.

பேட்டரி

ஐந்தாம் மாதம் வேறு ஒரு வேலைக்காக ஆலை சில நாட்கள் நிறுத்தப்பட்டது. ரோபோவின் திரையில் பேட்டரி குறைவு என்ற எச்சரிக்கை சில நாட்களாகவே இருந்தது. இயந்திரம் நிற்கும்போதே மாற்றிவிடுவோம் என்று இரவு ஷிப்ட் கண்காணிப்பாளர் நல்ல எண்ணத்தோடு மின்சாரத்தை அணைத்துவிட்டுப் புதிய பேட்டரிகளைப் போட்டார். எந்த இயந்திரத்திலும் அதுவே பாதுகாப்பான வழி என்று நாங்கள்தான் சொல்லிக்கொடுத்திருந்தோம்.

அந்தப் பேட்டரிகள் ரோபோவை ஓட்டுபவை அல்ல. மின்சாரம் இல்லாதபோது ஒவ்வொரு மூட்டும் எந்தக் கோணத்தில் நிற்கிறது என்ற நினைவைக் காப்பவை. எங்கள் வகையில் கட்டுப்பாட்டுப் பெட்டிக்கு மின்சாரம் இருக்கும்போதே அவற்றை மாற்ற வேண்டும். அணைத்துவிட்டுக் கழற்றினால் நினைவு போய்விடும். போயிற்று. ஆலை திறந்த அன்று தன் கை எங்கே இருக்கிறது என்றே ரோபோவுக்குத் தெரியவில்லை. மூட்டுகளைக் குறியீடுகளுக்கு நேராகக் கொண்டுவந்து மறுபடி பூஜ்யநிலை வைக்கத் தெரிந்தவர் வெளியிலிருந்து வர வேண்டியிருந்தது. எங்களிடம் அந்தப் பயிற்சி பெற்ற ஒரே தொழில்நுட்பர் இரண்டு மாதம் முன்பு வேறு வேலைக்குப் போயிருந்தார். ரோபோ தெரிந்தவருக்கு வெளியே கிராக்கி அதிகம் என்பதும் கணக்குத் தாளில் இல்லாத ஒன்று.

இரண்டரை நாள் கையால் அடுக்கினோம், ஆனால் அடுக்கத் தெரிந்தவர்கள் போதவில்லை. பல பிரிவுகளிலிருந்து ஆட்களைச் சேர்த்தோம். முதல் நாள் மாலையே இருவருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. பெட்டிகளைப் பின்னிப் பின்னி அடுக்கும் முறை பெரும்பாலோருக்குத் தெரியவில்லை, ஃபோர்க்லிஃப்ட் திரும்பும்போது அடுக்கு ஆடியது. தானியங்கலை ஆராய்ந்த உளவியலாளர் லிசான் பெயின்பிரிட்ஜ் 1983இலேயே இதை எழுதிவிட்டார்: எளிய வேலைகளை இயந்திரம் எடுத்துக்கொண்டால் மனிதருக்கு மிஞ்சுவது கடினமான தருணங்கள் மட்டும், அந்தத் தருணத்துக்குத் தேவையான பழக்கமோ அதற்குள் கைவிட்டுப் போயிருக்கும். கல்லூரியில் படித்திருந்தேன். ஆலைத் தரையில் நின்றபோதுதான் புரிந்தது.

வேலிக்குள் ஒருவர்

வேலிக் கதவில் இன்டர்லாக் உண்டு. கதவைத் திறந்தால் ரோபோ நிற்கும். மூடி, பிழையை நீக்கி, கையைத் தொடக்க நிலைக்குக் கொண்டுவந்து, மறுபடி ஓட்ட நான்கு நிமிடம் ஆகும். ஒரு சாய்ந்த பெட்டியை நேராக்க நான்கு நிமிடம், அதுவும் ஷிப்டுக்குப் பலமுறை. ஒவ்வொரு நிறுத்தமும் சுவரில் மாட்டிய பலகையில் சிவப்பாக விழும்.

ஆறாம் மாதம் ஒரு கண்காணிப்பாளர் உதிரியாக வைத்திருந்த இன்டர்லாக் சாவியைப் பூட்டில் செருகி, கதவு மூடியிருப்பதாக இயந்திரத்தை நம்பவைத்து, உள்ளே போனார். ரோபோ அசையாமல் இருந்தது. அது நின்றிருக்கவில்லை, ஒரு சென்சாரின் சமிக்ஞைக்காகக் காத்திருந்தது. சாய்ந்த பெட்டியை அவர் நிமிர்த்தியதும் சென்சார் தெளிந்தது, கை கிளம்பியது. அவருடைய தோளை உரசிக்கொண்டு போனது. காயம் இல்லை. வெளியே வந்து நெடுநேரம் எதுவும் பேசாமல் உட்கார்ந்திருந்தார்.

1979 ஜனவரி 25 அன்று மிச்சிகனில் ஃபோர்டு வார்ப்பாலையில் ராபர்ட் வில்லியம்ஸ் ரோபோக் கை தாக்கி இறந்தார். பாகங்களின் இருப்பு எண்ணிக்கையை இயந்திரம் தவறாகக் காட்டியதால், அவற்றைத் தானே எடுக்கச் சேமிப்பு அடுக்குக்குள் ஏறியவர் அவர். எங்கள் ஆளும் இயந்திரத்தின் குறையைத் தன் கையால் ஈடுகட்டத்தான் போனார். விசாரணை அறிக்கையின் முதல் வரைவு 'விதிமீறல்' என்று முடிந்தது. அதை நான் ஏற்கவில்லை. சிவப்புப் பலகையை மாட்டியவர்கள் நாங்கள்.

மறுகணக்கு

அந்த நிகழ்வுக்குப் பிறகு மேலாளர் புதிய தாள் கேட்டார். இம்முறை ஒப்பந்தத்தில் வராமல் பிறகு சேர்ந்த செலவுகளை எழுதினோம். கிண்ணங்களுக்கு வேண்டிய காற்றுக்காகக் கம்ப்ரசரைப் பெரிதாக்கியது, சீரற்ற தரையைச் சமன் செய்தது, நிறுவிய நாட்களில் இழந்த உற்பத்தி, பெட்டியை நிறுக்கும் புதிய கருவி, உதிரி பாக இருப்பு, இரண்டு முறை பயிற்சி, கடைசியாக, பின்னால் சொல்லும் புதிய பிடிப்பான். மொத்தம் 1.5. ஆக 3 என்பது 4.5 ஆயிற்று.

வரவும் மாறியது. ஷிப்டுக்கு ஒருவர் போதாது, இருவர் வேண்டும் என்பது தெளிவாகிவிட்டது. எனவே மிச்சமாவது ஒன்பது பேரின் செலவு அல்ல, ஆறு பேருடையது. அது 1. ஈரத்தில் தளராத கனமான அட்டைக்கும் பராமரிப்புக்கும் ஆண்டுதோறும் 0.25 கழித்தால் 0.75. நான்கரையை முக்காலால் வகுத்தால் ஆறு. இரண்டு ஆண்டு என்று சொன்னது ஆறு ஆண்டாக நின்றது. ஒழுங்காகப் பராமரித்தால் இத்தகைய ரோபோ பத்தாண்டுக்கு மேல் உழைக்கும், எனவே முழு நஷ்டம் என்று சொல்வதும் பொய். புகார்களால் கெட்ட பெயருக்கும் ஐந்து குடும்பங்களின் வருமானத்துக்கும் இந்தத் தாளிலும் இடமில்லை.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

ரோபோவைக் கழற்றிவிடலாம் என்று ஒரு தரப்பு, நிரலை மேம்படுத்தினால் போதும் என்று இன்னொரு தரப்பு. இரண்டையும் ஒத்திவைத்து, முதலில் பழைய ஆட்களைத் திரும்ப அழைக்க முடிவு செய்தோம். ஐவரில் மூவரைத் தொடர்புகொண்டோம். அந்தப் பெண்மணியும் இன்னொருவரும் வந்தார்கள். மூன்றாமவருக்கு வேறு வேலை கிடைத்திருந்தது. இரண்டு வாரம், ஷிப்டுக்கு ஒரு மணி நேரம், ரோபோவை நிறுத்தி அவர்கள் கையால் அடுக்க, நாங்கள் நின்று குறித்துக்கொண்டோம். யோசனை டொயோட்டாவிடமிருந்து வந்தது. அங்கே 2014 வாக்கில் சில இடங்களில் ரோபோக்களை விலக்கி, என்ஜினின் கிராங்க் ஷாஃப்ட் என்ற தண்டை மனிதர்கள் கையால் அடித்து வடிக்கவைத்தார்கள். கைவேலை தெரியாதவரால் இயந்திரத்தை மேம்படுத்த முடியாது என்பது அவர்கள் எண்ணம். எங்கள் குறிப்பேட்டில் தூக்குவதைத் தவிர்த்துப் பதினொரு வேலைகள் சேர்ந்தன.

அதில் ஒன்று காகிதம். ஒவ்வோர் அடுக்குக்கும் இடையே ஒரு தடித்த காகிதத் தாள் விரிப்பது வழக்கம். ரோபோ அதை இரண்டிரண்டாக எடுத்துத் தடுமாறியது, தனிப் பிடிப்பான் போடலாமா என்று விலைகூடக் கேட்டிருந்தோம். தாள் எதற்கு என்று பெண்மணியிடம் கேட்டோம். "முன்பு பை வரும்போது வழுக்கும், அதற்காகப் போட்டது. பெட்டி வந்த பிறகும் யாரும் நிறுத்தச் சொல்லவில்லை" என்றார். நிறுத்தினோம். ஒன்றும் ஆகவில்லை. 2018 வாக்கில் மின்சாரக் கார் நிறுவனமான டெஸ்லாவிலும் இப்படி ஒன்று நடந்தது. பேட்டரித் தொகுப்பின் மேல் கண்ணாடியிழை விரிப்பை ரோபோவால் வைக்கவைக்கப் பெரும்பாடு பட்டு, கடைசியில் விரிப்பே தேவையில்லை என்று எடுத்துவிட்டார்கள். அளவுக்கு மீறிய தானியங்கல் தன் தவறு என்று ஈலான் மஸ்க் ஒப்புக்கொண்டது 2018இல்தான்.

உறிஞ்சு கிண்ணங்களை எடுத்துவிட்டு, பெட்டியைப் பக்கவாட்டில் அணைத்து அடியில் விரல் கொடுத்துத் தாங்கும் பிடிப்பானைப் போட்டோம். மனிதர் தூக்கும் முறைக்கு அது நெருங்கியது. வேலியை ஓரளவு உள்ளே தள்ளி, பத்து நிமிடப் பெட்டிகள் தேங்கும் அளவுக்குக் கன்வேயரை நீட்டினோம். சாய்ந்த பெட்டியை உள்ளே போகாமலே இழுத்துவிட வேலியில் ஒரு திறப்பு வைத்து, கை குறுக்கிட்டால் ரோபோவை நிறுத்தும் ஒளித்திரையை அதற்குப் பொருத்தினோம். உதிரிச் சாவிகள் பூட்டிய அலமாரிக்குப் போயின. சிவப்புப் பலகை இறங்கியது. சிறு தொகுதிகளாக வரும் வகைகளை ரோபோவிடம் தருவதில்லை என்றும் முடிவாயிற்று. அவற்றுக்கு அடுக்கு முறை மாற்றும் நேரத்தில் இருவர் அடுக்கியே முடித்துவிடுவார்கள்.

ஷிப்டுக்கு இருவர். அவர்களுக்குக் கண்காணிப்பாளர் என்ற பெயரை விட்டு, வரிசைப் பொறுப்பாளர் என்ற பதவியும் நிறுத்தும் அதிகாரமும் தந்தோம். பூஜ்யநிலை வைக்கும் பயிற்சி ஆறு பேருக்கும். சம்பளம் முன்பைவிடக் கூடுதல். மேலாளர் இதற்குத் தயங்கினார், இரண்டரை நாள் நிறுத்தத்தின் கணக்கைக் காட்டியதும் ஒப்பினார்.

விளைவு

அடுத்த ஆறு மாதத்தில் பொட்டலக் குறைவுப் புகார் ஒன்றும் வரவில்லை. நிறுத்தங்கள் ஒழியவில்லை, ஆனால் நிரப்பும் இயந்திரம் வரை போவது அரிதாயிற்று. அந்த வரிசையில் முதுகுவலி விடுப்பு ஏறக்குறைய நின்றுபோனது. ரோபோவின் உண்மையான வெற்றி அதுதான், அதை முதல் தாளில் வரவாக எழுதவே இல்லை என்பது விந்தை.

பதினொரு வேலைகளில் ஏழு இப்போது கருவிகளிடமும் நிரலிடமும் இருக்கின்றன. நான்கு இன்னும் மனிதரிடம். பசை சரியில்லை என்று வாசனையிலேயே கண்டுபிடிப்பது அதில் ஒன்று. அதற்கு சென்சார் தேட வேண்டாம் என்று விட்டுவிட்டோம்.

மீண்டும் செய்தால் எதை மாற்றுவேன்

விலை கேட்கும் முன்பு அடுக்குபவர்களோடு இரண்டு வாரம் நிற்பேன். அந்தக் குறிப்பேட்டை நிறுவுபவரிடம் கொடுத்து, எதை இயந்திரம் எடுக்கும், எதை எடுக்காது என்று வரிக்கு வரி எழுதி வாங்குவேன். ஆட்களைக் குறைக்கும் முடிவை நிறுவிய நாளோடு சேர்க்காமல், வரிசை நிலைபெற்று ஆறு மாதம் கழித்து எடுப்பேன். அதுவரை இரட்டைச் செலவுதான், இருந்தாலும் ஒன்பது பேரை அனுப்பிவிட்டு இருவரைத் தேடி அழைத்ததைவிட அது மலிவாகவே முடிந்திருக்கும். பாதுகாப்பு வேலியின் வரைபடத்தை இரவு ஷிப்ட் ஆட்களிடம் காட்டி, எந்த இடத்தில் அதைத் தாண்ட ஆசை வரும் என்று கேட்பேன். நேர்மையான பதில் கிடைக்கும்.

திரும்பி வந்த பெண்மணி இப்போது பகல் ஷிப்டின் வரிசைப் பொறுப்பாளர். புதிய வகைப் பெட்டி வந்தால் நிரலாளர் முதலில் அவரிடம் அடுக்கிக் காட்டச் சொல்கிறார். ஐவரில் மற்ற இருவரைப் பழைய பதிவேட்டில் இருந்த எண்களில் அழைத்துப் பார்த்தோம். எண்கள் மாறியிருந்தன.